காய்ச்சலும் எம்.எஸ். நோயும்: வாசகர் கேள்விகளுக்கு நரம்பியல் மருத்துவரின் பதில்கள்

ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து டெல்டா மாவட்டங்களில் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் படுத்திருக்கிறார். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வைரஸ் தொற்றுக்கும், உடலின் எதிர்ப்பாற்றலே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) நோய்க்கும் உள்ள உறவைப் பற்றியவை என்பதால், இம்முறை அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

எம்.எஸ். வைரஸால் வருகிறது என்கிறார்கள். அப்படியானால் என் மகளிடமிருந்து அவள் குழந்தைக்குத் தொற்றுமா? (கும்பகோணம்)

தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே பாயில் படுக்கலாம், குழந்தையைக் கொஞ்சலாம்.

எப்ஸ்டீன்-பார் வைரஸ்தான் காரணம் என்று படித்தேன். அதற்கு ரத்தப் பரிசோதனை செய்து, வைரஸை ஒழிக்கும் மருந்து சாப்பிட்டால் நோய் போய்விடுமா? (திருவாரூர்)

நீங்கள் படித்ததில் உண்மை இருக்கிறது. அமெரிக்க ராணுவத்தினர் சுமார் ஒரு கோடிப் பேரின் ரத்த மாதிரிகளை இருபது ஆண்டுக் காலத்துக்குப் பின்தொடர்ந்து 2022இல் வெளியான ஆய்வு, இந்த வைரஸ் தொற்றிய பிறகு எம்.எஸ். வரும் வாய்ப்பு ஏறத்தாழ 32 மடங்கு உயர்வதைக் காட்டியது. வைரஸின் புரதம் ஒன்று மூளையில் உள்ள ஒரு புரதத்தை ஒத்திருப்பதால், வைரஸை எதிர்க்க உருவான எதிர்ப்பொருள் சிலரிடம் சொந்த நரம்பு மண்டலத்தின் மீதே திரும்புகிறது என்பதற்கும் அதே ஆண்டில் சான்று கிடைத்தது. ஆனால் வயது வந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இந்த வைரஸ் உடலில் இருக்கிறது. நம் ஊரில் பெரும்பாலோருக்குச் சிறு வயதிலேயே, வந்ததே தெரியாமல் தொற்றிவிடுகிறது. அவர்களில் மிகச் சிலருக்கே எம்.எஸ். வருகிறது என்றால், மரபணு, வைட்டமின் டி குறைபாடு, புகைப்பழக்கம் போன்ற வேறு காரணங்களும் சேர வேண்டும் என்று பொருள். எனவே அந்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் என்று வருவதால் உங்கள் சிகிச்சையில் எதுவும் மாறப்போவதில்லை. பி அணுக்கள் என்ற வெள்ளை அணுக்களுக்குள் உறங்கும் அந்த வைரஸை முழுவதும் அகற்றும் மருந்தும் இன்று கையில் இல்லை. அந்தப் பணத்தை எம்.ஆர்.ஐ.க்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று நாள் காய்ச்சலுக்குப் பின் மனைவிக்குப் பழையபடி கால் தளர்ந்துவிட்டது. ரிலாப்ஸ் (நோயின் புதிய தாக்குதல்) என்று சொல்லி மூன்று நாள் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். காய்ச்சல் அதிகமாகி, பிறகுதான் சிறுநீர்த் தொற்று என்று தெரிந்தது. இது சரிதானா? (மன்னார்குடி)

சரியல்ல. இதை நான் எத்தனை முறை எழுதினாலும் போதாது என்றுதான் தோன்றுகிறது. மையலின் என்ற மேலுறை தேய்ந்த நரம்பு, உடல் வெப்பம் அரை டிகிரி ஏறினாலே செய்தியைக் கடத்தத் தடுமாறும். அதனால் முன்பு பாதிக்கப்பட்ட அதே கால், அதே கண் மீண்டும் மங்கும். 1890இல் உத்தாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் விவரித்த இந்த நிலை, வெப்பம் இறங்கியதும் தானே நீங்கிவிடும். குறுவை அறுவடை வெயிலில் களத்துமேட்டில் நின்றவருக்குக் கால் பின்னுவதும், பந்தல் நிழலில் அரை மணி நேரம் உட்கார்ந்ததும் சரியாவதும் இதே காரணத்தால்தான். உண்மையான ரிலாப்ஸ் என்பது, காய்ச்சலோ தொற்றோ இல்லாத நிலையில், 24 மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் புதிய குறை.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. சளி, ஃப்ளூ போன்ற வைரஸ் தொற்றுகள் உண்மையான ரிலாப்ஸையும் தூண்டக்கூடியவை. தொற்றுக்கு இரண்டு வாரம் முன்னும் ஐந்து வாரம் பின்னுமான காலத்தை ஆபத்துக் காலமாகவே ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். ஆகவே "காய்ச்சல்தானே" என்று அலட்சியப்படுத்தவும் கூடாது, "ரிலாப்ஸ்தான்" என்று அவசரப்படவும் கூடாது. முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. இந்தப் பருவத்தில் டெங்கு பரிசோதனை. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால், ஈரத்துணி ஒத்தடம். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை வேறு வலி மாத்திரை வேண்டாம். காய்ச்சல் இறங்கி ஓரிரு நாள் ஆகியும் தளர்ச்சி நீங்கவில்லை என்றால்தான் ஸ்டீராய்டைப் பற்றிப் பேச வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஓர் இளைஞருக்கு ஒரே ஆண்டில் நான்கு முறை ஸ்டீராய்டு ஏற்றியிருந்தார்கள். நான்கு முறையும் காய்ச்சலோடுதான் போயிருக்கிறார். ஒருமுறைகூடச் சிறுநீர் பார்க்கப்படவில்லை. சிறுநீர் தேங்கித் தொற்று வந்துகொண்டிருந்த அவருக்குத் தேவைப்பட்டது சிறுநீர்ப்பை முழுமையாகக் காலியாக ஒரு வழி மட்டுமே. அதைச் செய்த பின் காய்ச்சலும் நின்றது, "ரிலாப்ஸும்" நின்றது. அவருடைய மருத்துவக் குறிப்புகளை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. ஸ்டீராய்டு போடும் முன் தொற்று இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

ஜே.சி. வைரஸ் பாசிட்டிவ் வந்துவிட்டது. பயமாக இருக்கிறது. என்ன செய்வது? (மயிலாடுதுறை)

என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்பதை எழுதாமல் இப்படிக் கேட்டால் எப்படிப் பதில் சொல்வது? மருந்தின் பெயர், எத்தனை மாதமாக, இதற்கு முன் என்ன எடுத்தீர்கள்: இம்மூன்றும் இல்லாத கடிதம் எனக்கு உதவாது. பொதுவாகச் சொல்கிறேன். ஜே.சி. என்பது உடலில் உறங்கிக்கிடக்கும் ஒரு வைரஸ், பெரியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அதற்குப் பாசிட்டிவ்தான். அவர்களுக்கு அது எதுவும் செய்வதில்லை. நேட்டலிசுமாப் என்ற எம்.எஸ். ஊசி போடுபவருக்கே அது பெரிய கவலை, ஏனெனில் அந்த வைரஸ் விழித்து மூளையைத் தாக்கும் பி.எம்.எல். என்ற நோய் உயிரைக்கூடப் பறிக்கலாம். 2004இல் வந்த அந்த மருந்தை 2005இல் திரும்பப் பெற்று, கண்காணிப்பு நிபந்தனைகளோடு 2006இல் மீண்டும் அனுமதித்ததற்குக் காரணம் அதுதான். ஊசி இரண்டு ஆண்டுகளைத் தாண்டும்போதும், எதிர்ப்பொருள் அளவு 1.5க்கு மேல் இருக்கும்போதும் ஆபத்து கூடுகிறது.

ஃபிங்கோலிமோட் என்ற எம்.எஸ். மருந்தை எடுக்கும் என் தம்பிக்கு விலாவில் அக்கி வந்தது. அக்கி எழுதிவிட்டு வந்தோம். போதுமா? (பாபநாசம்)

போதாது. காவி பூசிக்கொள்வதையும் அம்மனை வேண்டிக்கொள்வதையும் நான் தடுக்கவில்லை. ஆனால் அக்கி என்பது சிறு வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து மீண்டும் எழுவது, ஃபிங்கோலிமோட் அதற்கான எதிர்ப்பைக் குறைக்கிறது. கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்க வேண்டும். நேரம் கடந்திருந்தாலும் இன்றே போகச் சொல்லுங்கள். வீட்டில் யாருக்காவது அம்மை கண்டால், வேப்பிலை கட்டும் அன்றே மருத்துவருக்கும் சொல்லிவிடுங்கள். ஃபிங்கோலிமோடைத் தொடங்கும் முன்பே சின்னம்மை எதிர்ப்பொருளைப் பரிசோதித்து, இல்லையென்றால் தடுப்பூசி போட்டு ஒரு மாதம் காத்திருந்திருக்க வேண்டும்.

ஃப்ளூ தடுப்பூசி போடலாமா? (திருவையாறு)

செயலிழக்கச் செய்த வைரஸ் ஊசி என்றால் தாராளமாகப் போடலாம். அது ரிலாப்ஸைத் தூண்டுவதில்லை. உயிருள்ள வைரஸ் கொண்ட தடுப்பு மருந்துகள், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்குக் கூடாது.

சிக்குன்குனியா வந்து மூன்று வாரத்தில் ஒரு கண் மங்கியது. எம்.ஆர்.ஐ. பார்த்து எம்.எஸ். என்கிறார்கள். (வேதாரண்யம்)

ஒரே ஒரு தாக்குதலையும் தொற்றையும் வைத்து அந்தப் பெயரைச் சூட்டுவது அவசரம். தொற்றுக்குப் பின் ஒருமுறை வந்து ஓய்ந்துவிடும் அழற்சியும் உண்டு. எம்.எஸ். போலவே தோன்றும் வேறு நோய்களைக் காட்டும் அக்வாபோரின்-4, மாக் (MOG) எதிர்ப்பொருள் பரிசோதனைகளைச் செய்யாமல் மருந்தைத் தொடங்க வேண்டாம். அக்வாபோரின் பாசிட்டிவ் என்றால் எம்.எஸ். மருந்துகளில் சில நோயை மோசமாக்கும்.

எம்.எஸ். நோய்க்குப் போடும் ரிட்டுக்ஸிமாப் ஊசிக்கு முன் மஞ்சள் காமாலைப் பரிசோதனை எதற்கு? (நாகப்பட்டினம்)

மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலில் உறங்கிக்கொண்டிருந்தால், அதை அந்த ஊசி எழுப்பிவிடும். தவிர்க்காதீர்கள்.

காய்ச்சல் நாள்களில் எம்.எஸ். மருந்தை நிறுத்திவிடலாமா? (பட்டுக்கோட்டை)

நீங்களாக நிறுத்தக் கூடாது. ஃபிங்கோலிமோடைத் திடீரென விட்டவர்களுக்கு நோய் முன்னைவிட வேகமாகத் திரும்பியதுண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் விட்டால், இதயத் துடிப்பைக் கண்காணித்தபடியேதான் மறுபடி தொடங்க முடியும். கடும் தொற்றில் ஒரு ஊசியைத் தள்ளிப்போட வேண்டியிருக்கலாம். அதை உங்கள் நரம்பியல் மருத்துவர் சொல்ல வேண்டும், பக்கத்து மருந்துக்கடைக்காரர் அல்ல.