கம்பளி வாளின் பிடி ஏன் இறுகிப்போகிறது?

கேள்வி: இரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகன், பள்ளி மாறுவேடப் போட்டியில் கட்டபொம்மனாக வருகிறான். பிளாஸ்டிக், உலோக வாள்களுக்குப் பள்ளியில் தடை. ஆகவே இணையத்தில் 600 ரூபாய்க்கு ஒரு பேட்டர்ன் (பின்னல் செய்முறைக் குறிப்பு) வாங்கி, அக்ரிலிக் நூலில் வாள் பின்னி, உள்ளே ஃபோம் வைக்க முயல்கிறேன். 24 கண்ணிகள் (ஊசியில் நிற்கும் நூல் வளையங்கள்) கொண்ட குழாயாகப் பின்னிய அலகுப் பகுதி அளவாக வந்தது. பிடியில் அலங்காரத்துக்காக மூன்று கேபிள்கள் (சடைபோல் முறுக்கிய பின்னல் வரிகள்) போட்டதும் குழாய் இறுகி, ஃபோம் உள்ளே நுழையவே இல்லை. பேட்டர்னில் ஊசி எண் 3 என்று இருக்கிறது. கடைக்காரரோ எண் 10 ஊசியைக் கொடுத்தார். தவறு ஊசியிலா, என் கையிலா? போட்டிக்குப் பத்து நாள்கள்தான் உள்ளன.

பதில்: பேட்டர்னில்தான் தவறு. கடைக்காரர் கொடுத்த ஊசியும் சரி, உங்கள் கையும் சரி.

விரித்த கூந்தலைச் சடையாகப் பின்னியவுடன் அகலம் குறைந்து தடிமன் கூடுகிறதல்லவா? கேபிளிலும் அதேதான் நடக்கிறது. ஆறு கண்ணிக் கேபிளில் மூன்று கண்ணிகளைத் துணை ஊசியில் ஒதுக்கி வைத்துவிட்டு, அடுத்த மூன்றை முதலில் பின்னி, பிறகு ஒதுக்கியவற்றைப் பின்னுகிறீர்கள். அந்த இடத்தில் மூன்று கண்ணிகள் மற்ற மூன்றின் மேல் ஏறி அமர்ந்துவிடுவதால், ஆறு கண்ணிக்குரிய அகலம் அங்கே கிடைப்பதில்லை. என் கையில் அது ஏறத்தாழ நான்கு கண்ணி அகலத்துக்குச் சுருங்கும். மூன்று கேபிள்களுக்கும் சேர்த்து நீங்கள் இழந்தது ஆறு கண்ணி அகலம், அதாவது குழாயின் சுற்றளவில் கால் பங்கு. அந்த இழப்பை ஈடுகட்டக் கேபிள் தொடங்குமுன் கண்ணிகளைக் கூட்டச் சொல்லியிருக்க வேண்டியது பேட்டர்ன் எழுதியவரின் பொறுப்பு.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். கேபிள் தொடங்கும் சுற்றுக்கு முந்தைய சுற்றில், 24 கண்ணிகளை நான்கு நிட் (நேர்க்கண்ணி), நான்கு பர்ல் (முகம் திரும்பிய கண்ணி) என்று மூன்று முறை பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிட் தொகுதிக்குள்ளும் இரண்டு கண்ணிகளைக் கூட்டுங்கள். இரு கண்ணிகளுக்கு இடையே கிடக்கும் நூலைத் தூக்கி ஊசியில் போட்டு, அதை முறுக்கிப் பின்னினால் ஓட்டை விழாது. இப்போது ஆறு நிட், நான்கு பர்ல் என மொத்தம் 30 கண்ணிகள் இருக்கும். பர்ல் கண்ணிகள் பின்வாங்கி நிற்பதால்தான் கேபிள் புடைத்துத் தெரிகிறது. அவற்றைக் குறைத்து மிச்சம்பிடிக்க வேண்டாம். பிடி முடிந்ததும் ஒவ்வொரு கேபிளிலும் இரண்டு முறை இரண்டிரண்டு கண்ணிகளாகச் சேர்த்துப் பின்னி, 24-க்குத் திரும்பிவிடுங்கள்.

பேட்டர்னில் நான்கு சுற்றுக்கு ஒருமுறை முறுக்கச் சொல்லியிருந்தால் அதையும் மாற்றுங்கள். ஆறு கண்ணிக் கேபிளுக்கு ஆறு சுற்றுக்கு ஒரு முறுக்கு போதும். அதைவிட நெருக்கினால் பிடி விறைத்துக் கட்டைபோல் ஆகும். துணை ஊசியை முன்னால் வைத்தால் முறுக்கு இடப்பக்கம் சாயும், பின்னால் வைத்தால் வலப்பக்கம் சாயும். தொடங்கிய பக்கத்தை நடுவில் மாற்றாதீர்கள்.

இனி ஊசிக்கு வருகிறேன். பல வீடுகளில் நூலும் நேரமும் வீணாவது இங்கேதான். அமெரிக்க எண் 3 என்பது 3.25 மில்லிமீட்டர். நம் கடைகளில் இன்றும் புழங்கும் பழைய பிரிட்டிஷ் முறையில் அதே ஊசிக்கு எண் 10. அமெரிக்க முறையில் எண் கூடக்கூட ஊசி தடிக்கும். பிரிட்டிஷ் முறையில் எண் கூடக்கூட ஊசி மெலியும். அமெரிக்க எண் 10 ஊசியின் தடிமன் 6 மில்லிமீட்டர். எண்ணை மட்டும் நம்பி வாங்கியவர் பொம்மைக்குப் பதிலாக மீன்வலை பின்னியிருப்பார். மில்லிமீட்டர் என்ற ஒரே அளவு உலகம் முழுவதும் செல்லுபடியாகும்போது, ஒன்றுக்கொன்று தலைகீழான இரண்டு எண் முறைகளை இன்னும் ஏன் சுமக்கிறோம் என்பது எனக்குப் புரியவேயில்லை. நூல் உருண்டையின் நிலையும் இதுதான். எடையைக் கிராமில் அச்சிடுகிறார்கள். பின்னுகிறவருக்குத் தேவையான நீளம் எத்தனை மீட்டர் என்பதைப் பல உருண்டைகளில் தேடினாலும் காண முடிவதில்லை.

உங்களுக்குப் பேட்டர்ன் விற்றவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் ஒரு கேபிள் கட்டத்தை (கண்ணிகளைக் கட்டங்களில் காட்டும் வரைபடத்தை) எடுத்து, வேறொருவருடைய வெறும் குழாய்ப் பேட்டர்னின் மேல் ஒட்டி விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். பின்னிப் பார்க்காமலே விற்பதால்தான் கண்ணி கூட்டும் வரி அதில் இல்லை. சிலர் ஒருபடி மேலே போய், “அயர்லாந்து வீரர் குலத்தின் பழங்காலச் சின்னம்” என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்கிறார்கள். அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள ஆரன் தீவுகளின் பெயரால் அறியப்படும் கேபிள் ஸ்வெட்டர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் உருப்பெற்றன. குலத்துக்கொரு வடிவம் இருந்தது என்பதற்கு ஆதாரமே இல்லை. வாங்குமுன் மூன்றைப் பாருங்கள். ஊசியின் அளவு மில்லிமீட்டரில் இருக்கிறதா, பத்து சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி என்று எழுதியிருக்கிறதா, பின்னி முடித்த பொருளை ஒருவர் கையில் பிடித்திருக்கும் நிஜப் புகைப்படம் உண்டா? ஒன்று குறைந்தாலும் பணம் கொடுக்காதீர்கள்.

கேபிள் போட்டால் கண்ணி கூட்டியே ஆக வேண்டும் என்ற விதிக்கு ஒரு விலக்கு உண்டு. நேரம் குறைவாக இருக்கும் உங்களுக்கு அது உதவலாம் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பிடியையும் அலகைப் போலவே 24 கண்ணிகளில் வெறும் குழாயாகப் பின்னி முடித்துவிட்டு, கேபிளைத் தனி நாடாவாகப் பின்னி, கிரிக்கெட் மட்டையின் பிடியில் சுற்றுவதுபோல் சரிவாகச் சுற்றித் தைத்துவிடலாம். நாடா சுருங்கினால் சுருங்கட்டும். இன்னும் ஒரு சுற்றுக்கு நீளம் பின்னிக்கொண்டால் போதும். ஓரக்கண்ணி ஒன்று, பர்ல் இரண்டு, நிட் ஆறு, பர்ல் இரண்டு, ஓரக்கண்ணி ஒன்று என 12 கண்ணிகள் போடுங்கள். ஓரக்கண்ணியை இரு பக்கமும் எப்போதும் நிட்டாகவே பின்னினால் நாடா சுருளாது. ஆனால் குழாயில் எல்லாச் சுற்றும் வெளிப்பக்கமாகவே அமையும்; நாடாவில் ஒரு வரிசை வெளிப்பக்கம், அடுத்தது உள்பக்கம். ஆகவே உள்பக்க வரிசைகளில் கட்டத்தை இடமிருந்து வலமாக வாசிக்க வேண்டும். ஓரக்கண்ணிகள் தவிர மற்றவற்றை, கண்ணாடியில் பார்ப்பதுபோல், நிட் என்றிருப்பதைப் பர்லாகவும் பர்ல் என்றிருப்பதை நிட்டாகவும் பின்ன வேண்டும். முறுக்கு வெளிப்பக்க வரிசையில் மட்டுமே வர வேண்டும். சுற்றும்போது நாடாவை இழுத்துப் பிடித்தால் முறுக்கு தட்டையாகிவிடும். நாடா சுற்றியபின் பிடி தடிக்கும் என்பதால், பையனின் கட்டைவிரலும் நடுவிரலும் அதைச் சுற்றித் தொட்டுக்கொள்கின்றனவா என்று தைப்பதற்கு முன்பே கொடுத்துப் பாருங்கள்.

உள்ளே வைப்பதற்கு, சாதனங்களைச் சுற்றி வரும் வெள்ளை ஃபோம் ஷீட்டே போதும். நான்கு சென்டிமீட்டர் அகலத்தில், ஒரு சென்டிமீட்டர் தடிமன் வருமாறு மடித்து நூலால் கட்டிவிடுங்கள். தெர்மாகோல் ஒடிந்து பொடியாகும். விறைப்புக்காக மூங்கில் குச்சியோ குடைக்கம்பியோ வைக்கவே கூடாது. எத்தனை அடுக்கு சுற்றினாலும் குழந்தைகள் வீசும்போது அது துளைத்துக்கொண்டு வரும். அக்ரிலிக் நூலின் மேல் சூடான இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம், இழை தளர்ந்து தொய்ந்துவிடும்.

அலகை அவிழ்க்கத் தேவையில்லை. கேபிள் தொடங்கிய சுற்றுக்கு இரண்டு சுற்று கீழே, தையல் ஊசியில் வேறு நிறத்து மெல்லிய நூலைக் கோத்து, அந்தச் சுற்றின் 24 கண்ணிகள் வழியாகவும் ஒவ்வொன்றாக நுழைத்து விடுங்கள். பிறகு ஊசிகளை உருவி நூலை இழுத்தால் பின்னல் அந்த நூல்வரை அவிழ்ந்து நின்றுவிடும். கண்ணிகளைத் திரும்ப ஊசியில் ஏற்றி, அங்கிருந்து தொடங்குங்கள்.