பெண்ணைப் பூவாகக் காட்டலாமா?

கேள்வி: மகளிர் தினத்துக்காக எங்கள் குழுப் பெண்கள் சேர்ந்து காகிதம், துணி, நூல், காய்ந்த இதழ்கள் எல்லாம் ஒட்டிப் பெரிய பூச்சித்திரம் ஒன்று செய்யப்போகிறோம். “பெண்ணோட வலிமையைக் காட்டப் பூதானாம்மா கிடைச்சுது?” என்கிறாள் கல்லூரியில் படிக்கும் மகள். விட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: விடாதீர்கள். ஆனால் மகள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. மார்ச் 8 வந்தால் போதும், கூந்தல் நிறையப் பூக்களோடு ஒரு பெண்முகம் எல்லாச் சுவரொட்டியிலும் வந்துவிடுகிறது. அது என்ன பூ என்று கேட்டால் வரைந்தவருக்கே தெரியாது. ரோஸ் நிறத்தில் ஐந்து இதழ், அவ்வளவுதான். பூவையே உற்றுப் பார்க்காதவர் பெண்ணை எங்கே பார்த்திருக்கப் போகிறார்?

இங்கிலாந்தின் மேரி டெலானியைப் பற்றி மகளிடம் சொல்லுங்கள். 1700-இல் பிறந்தவர். பதினேழு வயதில், அறுபதை நெருங்கிய ஒருவருக்கு விருப்பமில்லாமலே கட்டிவைத்தார்கள். இருபத்து நான்கில் விதவை. நாற்பத்து மூன்றில் தானே விரும்பி மறுமணம் செய்துகொண்டார். அந்தக் கணவரும் 1768-இல் இறந்தார். அதன்பிறகு, 1772-இல், எழுபத்திரண்டு வயதில்தான் கத்தரியை எடுத்தார்.

செடியை எதிரே வைத்துக்கொண்டு, வண்ணம் தோய்த்த மெல்லிய தாளை இதழ் இதழாக வெட்டி, கறுப்புத் தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினார். பாஷன் ப்ளவர் என்ற கொடியின் வகை ஒன்றின் பூவுக்கு மட்டும் சுமார் 230 காகித இதழ்கள்! தேவைப்பட்ட இடத்தில் தூரிகையால் வண்ணம் தொட்டார். சில படங்களில் நிஜ இலையையே ஒட்டினார். கண் மங்கிக் கைவிடும்வரை பத்தாண்டுகளில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான படங்கள். பிழை நேருமோ என்ற பயமில்லாமல் இவற்றைப் பார்த்தே செடியை விவரிக்கலாம் என்று தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் சொன்னதாகக் குறிப்பு உண்டு. இன்று அவை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

அவற்றில் எங்கும் பெண்சக்தி முழக்கம் கிடையாது. அந்த 230 வெட்டுகளில் எனக்குத் தெரிகிற வலிமை எந்த முழக்கத்திலும் தெரிவதில்லை.

ஆகவே ‘ஒரு பூ’ வேண்டாம். ஊர் பேர் உள்ள செடி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். என்னைக் கேட்டால் செங்காந்தள். பெண்ணின் விரலுக்கு அதை உவமை சொல்லிச் சொல்லிப் புலவர்கள் பூவோடு நின்றுவிட்டார்கள். நீங்கள் கிழங்கு வரை போங்கள். கொல்லக்கூடிய நஞ்சு அந்தக் கிழங்கில் இருக்கிறது. அதே செடியின் விதையிலிருந்துதான் கீல்வாதத்துக்குக் கொடுக்கும் கோல்சிசின் மருந்து எடுக்கிறார்கள். நம் மாநிலத்திலேயே அந்த விதைக்காகப் பயிரிடுகிறார்கள். இலையின் நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு கிடைத்ததைப் பிடித்து ஏறும். அதற்கு முறுக்கிய நூல் போதும். நெளிந்த ஆறு இதழ்களுக்குப் பட்டுத்துணி; பூ முதிர முதிர மஞ்சள் சிவப்பாகும் என்பதால் இரண்டு நிறமும் வேண்டும். கிழங்குக்குச் சாக்குத்துணி. வாடிய பூ ஒன்றும் பூச்சி அரித்த இலை ஒன்றும் கட்டாயம் இருக்கட்டும்.

காய்ந்த இதழைக் குறைவாகவே வையுங்கள். சரியாகக் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். நன்றாகக் காய்ந்த இதழும் நாளடைவில் வெளிறிப்போகும். செய்தித்தாள்களுக்கு நடுவே அழுத்தி, தாளைத் தினமும் மாற்றுங்கள். நிஜக் காந்தளைக் கையாண்டால் கையைக் கழுவுங்கள். குழந்தைகள் பக்கம் வைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. டெலானி தன் படங்களில் தன் பெயரின் முதலெழுத்துகளை ஒட்டினார்; செடியின் பெயரையும் எழுதிவைத்தார். உங்கள் படத்தின் கீழேயும் செடியின் பெயர் இருக்கட்டும். பக்கத்தில், வெட்டியவர், தைத்தவர், பசை தடவியவர் என ஒருவர் விடாமல் எல்லாப் பெண்களின் பெயரும் வர வேண்டும். திறந்துவைக்க வரும் சிறப்பு விருந்தினரின் பெயருக்கு அங்கே இடம் வேண்டாம்.