பார்க்கிங் வர்றதுக்குள்ள மறந்துபோற பிஜிஎம்

வணக்கம்ணா,

புது வண்ணாரப்பேட்டைல இருந்து எழுதுறேன். கன்டெய்னர் யார்டுல வேலை, நைட் ஷிப்ட்ல வண்டி வராத நேரத்துல உங்க பழைய பதிவுங்கள படிச்சிட்டு இருப்பேன். போன வாரம் ஃப்ரெண்ட்ஸோட ஒரு பெரிய படம் பாத்தோம், பேரு வேணாம். ஹீரோ நடந்தா பிஜிஎம், திரும்புனா பிஜிஎம், சட்டை கைய மடிச்சா பிஜிஎம், காது கொய்ங்னு ஆயிருச்சு. ஆனா வெளிய வந்து பார்க்கிங்ல வண்டிய எடுக்கும்போது எவனுக்கும் அத ஹம் பண்ண தெரியலணா. அதே 'புன்னகை மன்னன்' தீம் போடுங்க, நாங்க அத்தன பேரும் வாயாலயே வாசிச்சிருவோம், அந்த படம் வந்தப்ப எங்கள்ல ஒருத்தன் கூட பொறக்கல. எங்க நைனா கிட்ட கேட்டா "அந்த காலத்து மியூசிக்கு அப்படிடா"ன்னு முடிச்சிட்டாரு. நெஜமாவே அந்த காலம் இந்த காலம்தான் விஷயமா? ஒரு பிஜிஎம் மனசுல நிக்க என்ன காரணம்? உங்களுக்கு புடிச்சது எதெது? இன்னொண்ணு, நம்ம ஏரியாவ வச்சு வர்ற படத்துல மட்டும் ஏன் எல்லாரும் ஒரே மாதிரி அடிக்கிறாங்க?

உங்க தம்பி ஒருத்தன்

*

தம்பி,

கடைசி கேள்விய முதல்ல எடுத்துக்குறேன், அதுல எனக்கும் ரொம்ப நாளா வயித்தெரிச்சல் இருக்கு. காசிமேடு போட்டுங்க மேல ட்ரோன் பறக்கும், உடனே பறைய போட்டு டமடமன்னு அடிப்பாங்க, அதுக்கு மேல ஒரு கானா குரல் ஏறும், முடிஞ்சுது, ஆடியன்ஸுக்கு ஏரியா புரிஞ்சிருச்சாம். பறை மேலயோ கானா மேலயோ எனக்கு என்ன கோவம், ரெண்டும் நம்ம சொத்து. ஆனா மரண கானா கேட்டிருப்பீங்கல்ல, சாவு வீட்டு வாசல்ல ராத்திரி பூரா உக்காந்து பாடுறது, செத்தவரு குடிச்சத, சண்ட போட்டத, புள்ளைங்கள வளத்தத எல்லாம் சேத்து பாடுவாங்க, கேக்குறவன் ஓரமா போயி மூக்க சிந்திட்டு வந்து மறுபடி உக்காருவான். சினிமாக்காரங்களுக்கு இதுல குத்து மட்டும்தான் காதுல விழுந்திருக்கு.

அதனாலதான் 2011ல 'ஆரண்ய காண்டம்' பாத்தப்ப நிமிந்து உக்காந்தேன். தியாகராஜன் குமாரராஜா படம், நம்ம பக்கத்து கதை, ஒரு நாளைக்குள்ள நடக்குது, படத்துக்குன்னு போட்ட பாட்டே கிடையாது. பழைய இளையராஜா பாட்டுங்க எங்கயோ ரேடியோல ஓடுற மாதிரி வந்து விழும், நம்ம தெருவுல நாள் பூரா கேக்குற சத்தம் நெஜமா அதுதானே, மெக்கானிக் ஷாப்ல ஒண்ணு, சலூன்ல ஒண்ணு. அதுக்கு நடுவுல யுவன் போட்ட ஆர்.ஆர்., அதான் ரீரெக்கார்டிங், பின்னணி இசை இருக்கே, "பாத்துக்கோ, இது வட சென்னை"ன்னு ஒரு இடத்துலயும் போர்டு மாட்டல, அந்த ஆளுங்க மனசுல ஓடுற பயத்துக்கும் பேராசைக்கும் வாசிச்சிருக்காரு, நடுநடுவுல நக்கலும் உண்டு.

உங்க பெரிய கேள்விக்கும் இதுலயே ஒரு வழி இருக்கு. என் கட்சி என்னன்னா, பிஜிஎம்முக்கு கதைக்குள்ள ஒரு வேலை இருக்கணும், வசனத்தாலயும் கேமராவாலயும் செய்ய முடியாத வேலை. அது இருந்துச்சுன்னா ரெண்டே ஸ்வரம் கூட போதும்.

ரெண்டே ஸ்வரம்னு சும்மா சொல்லல, 'ஜாஸ்' படத்த எடுத்துக்கங்க, 1975, ஆள் திங்கிற சுறா கதை, ஸ்பீல்பெர்க் டைரக்‌ஷன், ஜான் வில்லியம்ஸ் இசை. அவரு பியானோல அந்த ரெண்டு நோட்ட வாசிச்சு காட்டுனப்ப ஸ்பீல்பெர்க் ஜோக் அடிக்கிறாருன்னு நெனச்சு சிரிச்சாராம். ஷூட்டிங்ல என்ன ஆச்சுன்னா, செஞ்சு வச்ச மெஷின் சுறா கடல் தண்ணில எறங்குனதும் மக்கர் பண்ண ஆரம்பிச்சிருச்சு, அதனால சுறாவ அதிகமா காட்டவே முடியல, ஒரு மணி நேரத்துக்கு மேல படம் ஓடுன அப்புறம்தான் அத ஒழுங்காவே பாக்குறோம். அதுவரைக்கும் சுறாவா நடிச்சது அந்த இசைதான். இது எல்லாரும் சொல்ற கதை, எனக்கு முக்கியமானது இதுக்கு அடுத்த விஷயம். நடுவுல ஒரு சீன், பீச்ல ஜனம் பூரா தண்ணில இருக்கு, சுறா துடுப்பு ஒண்ணு மேல தெரியுது, ஆளாளுக்கு அலறி அடிச்சு ஓடுறாங்க, கடைசில பாத்தா ரெண்டு பசங்க அட்டைல துடுப்பு செஞ்சு விளையாடிட்டு இருக்கானுங்க. அந்த சீன்ல சுறா மியூசிக் வராது! ஊரே ஏமாறுது, இசை மட்டும் பொய் சொல்லல. தெரிஞ்சோ தெரியாமலோ நம்ம மூளை அத குறிச்சு வச்சுக்குது, சரி, அந்த மியூசிக் வந்தாத்தான் சுறா வரும்னு. இப்படி நம்ப வச்சிட்டு அப்புறமா சுறாவ புடிக்க போற போலீஸ்காரர் படகுல இருந்து மீன் துண்டு அள்ளிப்போடும்போது மியூசிக்கே இல்லாம சுறா தலைய தூக்குது பாருங்க, தியேட்டரே தூக்கிவாரி போட்டிருக்கும். எங்க வாசிக்கணும்னு தெரியிறது ஒரு பக்கம், எங்க வாசிக்காம நம்பிக்கைய சேத்து வைக்கணும், அத எங்க ஒடைக்கணும்னு தெரியிறதுதான் கெட்டிக்காரத்தனம். நீங்க பாத்த படத்துல சட்டை கைய மடிச்சதுக்கே மொத்த ஆர்கெஸ்ட்ராவும் எறங்கிருச்சு, அப்புறம் வில்லன் வரும்போது என்னத்த வாசிக்கிறது, இன்னும் சத்தமாத்தான் வாசிக்கணும்.

என்னியோ மொரிக்கோனேவ எங்க தலைமுறை கவ்பாய் விசில்காரராத்தான் தெரிஞ்சு வச்சிருந்தோம். அவரு இசைல 1968ல வந்த 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் த வெஸ்ட்' பாருங்க. முதல் பத்து நிமிஷம் மூணு அடியாளுங்க ரயில்வே ஸ்டேஷன்ல காத்துட்டு இருக்கானுங்க, இசை சுத்தமா கிடையாது, காத்தாலை கிரீச் கிரீச்சுன்னு சுத்துறது, ஒருத்தன் மூஞ்சில ஈ மொய்க்கிறது, இன்னொருத்தன் தொப்பில தண்ணி சொட்டுறது, இவ்வளவுதான். ரயிலு வந்து நின்னு கெளம்பிப் போகுது, எவனும் எறங்கலன்னு அவனுங்க திரும்பும்போது மவுத் ஆர்கன் சத்தம் கேக்கும், அதுக்கப்புறம்தான் ஆளயே காட்டுவாங்க. படம் பூரா அந்தாளு வாயத் தொறந்து பேசவேண்டிய இடத்துல எல்லாம் மவுத் ஆர்கன வாசிப்பான். ஏன் வாசிக்கிறான்னு கடைசில ஒரு ஃபிளாஷ்பேக் வரும், சொல்லமாட்டேன், அது தெரிஞ்ச நிமிஷத்துல அதுவரைக்கும் கேட்ட இசை அத்தனையும் வேற அர்த்தத்துல திரும்பி வந்து மோதும். டைரக்டர் செர்ஜியோ லியோன் இந்த படத்துக்கு ஷூட்டிங்குக்கு முன்னாடியே இசைய வாங்கி வச்சுக்கிட்டு செட்ல போட்டு நடிக்க விட்டாரு. எடுத்து முடிச்ச படத்துக்கு மேல பூசுன இசை கிடையாது அது.

இதுக்கு நேர் எதிரா இப்ப நடக்குறதயும் சொல்றேன். 'இன்செப்ஷன்' வந்தது 2010, ஹான்ஸ் சிம்மர் அதுல ப்ராம்ம்ம்னு ஒரு பெரிய பித்தளை சத்தம் வச்சாரு. அந்த கதைல கனவுக்குள்ள இருக்கறவங்கள எழுப்பறதுக்கு எடித் பியாஃப் பாடுன ஒரு பழைய ஃபிரெஞ்சு பாட்டு போடுவாங்க, கனவுல நேரம் மெதுவா ஓடும், அதனால அந்த பாட்டும் இழுத்து இழுத்து கேக்கும். அந்த பாட்ட ரொம்ப ஸ்லோ பண்ணி எடுத்த சத்தத்தோட சொந்தக்காரன்தான் அந்த ப்ராம்ம். கதையோட சாவியவே சத்தமா மாத்தியிருக்காங்க. அப்புறம் என்ன ஆச்சு, உலகத்துல எல்லா டிரெய்லர்லயும் அந்த சத்தம் ஏறிடுச்சு, நம்ம ஊருல ஹீரோ கார் கதவ தொறக்கும்போது கூட ப்ராம்ம். சத்தத்த மட்டும் தூக்கிட்டு வந்துட்டாங்க, காரணம் அங்கயே கெடக்குது. பார்க்கிங் வர்றதுக்குள்ள மறந்துபோகாம என்ன செய்யும்?

டெம்ப் டிராக்னு ஒரு வியாதியும் இருக்கு. எடிட்டிங் பண்ணும்போது சும்மா ஒரு ஓட்டத்துக்கு வேற படத்து பிஜிஎம்ம ஒட்டி வச்சுப்பாங்க, மாசக்கணக்கா அதோடயே பாத்து பாத்து டைரக்டருக்கு அது ஊறிப்போயிரும், கடைசில மியூசிக் டைரக்டர் கிட்ட வந்து "இதே மாதிரி வேணும் சார்"னு நிப்பாரு. பிரசாத் ஸ்டுடியோ காலத்துல இளையராஜா ரீல போட்டு பாத்துட்டு கையில வாத்தியம் எதுவும் இல்லாம நேரா நொட்டேஷன் எழுதி கொடுப்பாரு, வாசிக்கிறவங்க அத்தன பேரும் ஒண்ணா உக்காந்து படம் ஓட ஓட வாசிப்பாங்க, ஒருத்தர் பிசகுனாலும் மறுபடி முதல்ல இருந்து. அதுல பிறக்குற இசை அந்த ஷாட்டுக்குன்னு அளவெடுத்து தச்ச சட்டை, வேற எந்த சீனுக்கும் சேராது. இதுக்காக கம்ப்யூட்டர குறை சொல்லாதீங்க, நீங்க வாயால வாசிக்கிற புன்னகை மன்னன் தீமே கம்ப்யூட்டர் கொண்டு பண்ணதுதான், 1986ல அது நம்ம ஊருக்கு புத்தம் புதுசு. அது நின்னதுக்கு காரணம், கமல் டான்ஸ் மாஸ்டரா வர்ற கதை, அவருக்கும் ரேவதிக்கும் காதலே ஆட்டத்துலதான் வளருது, தீம எடுத்துட்டா அங்க சீனே இல்ல.

உங்க நைனா சொன்னத அப்படியே தள்ளிட முடியாது. அவங்க காலத்துல பிஜிஎம் காதுல ஏறுன வழியே வேற. வானொலில ஒலிச்சித்திரம்னு போடுவாங்க, ஒரு முழு படத்த ஒரு மணி நேரத்துக்கு சுருக்கி ஒலி மட்டும், கண்ணுக்கு வேலையே இல்ல, ஹீரோயின் அழுவுறாளா ஓடுறாளான்னு வயலின்தான் சொல்லணும். ஆடி மாசம் கூழ் ஊத்துற பந்தல்ல 'திருவிளையாடல்' வசன கேசட் ஓடும், தருமி புலம்புறது எங்க தெருவுல சின்ன குழந்தைக்கு கூட மனப்பாடம், வசனத்துக்கு நடுவுல வர்ற கே.வி.மகாதேவன் இசையும் சேந்தே மனப்பாடம். தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டர் இருந்துச்சே, 2020ல மூடுனாங்களே, அதுக்கு வெளிய நின்னாலே உள்ள என்ன சீன்னு சொல்லிரலாம், பக்கத்து டீக்கடைல மாஸ்டர் உள்ள இருந்து வர்ற மியூசிக்க வச்சே இன்டர்வெலுக்கு பால ஏத்துவாரு, ஒரு நாள் கூட பொங்கி வீணானது இல்ல. இப்படி நூறு தடவ கேட்டதோட நீங்க ஒரே தடவ கேட்ட படத்த வச்சு ஒப்பிடுறது கொஞ்சம் அநியாயம்தான். அதுக்காக நூறு தடவ ரீல்ஸ்ல வந்ததெல்லாம் நிக்கவும் இல்லயே, போன வருஷம் ஊரே வச்சிருந்த ரிங்டோன் எதுன்னு உங்க ஃப்ரெண்ட்ஸ கேட்டு பாருங்க.

புடிச்சது எதெதுன்னா, லிஸ்ட் போட்டா சண்டைதான் வரும், இருந்தாலும் சொல்றேன். 'மௌன ராகம்', கார்த்திக் வர்ற பகுதிக்கும் மோகன் வீட்டுக்கும் இசைல இருக்குற வித்தியாசத்த மட்டும் கவனிங்க, ரேவதி ஏன் தவிக்கிறான்னு அதுலயே இருக்கு. 'நாயகன்'ல அந்த தென்பாண்டிச் சீமையிலே. 'பம்பாய்' தீம். 'புதுப்பேட்டை', யுவன் பண்ணதுலயே எனக்கு ரொம்ப புடிச்சது, ஆரண்ய காண்டத்த விட ஒரு படி மேல, இத சொன்னா அடிக்க வருவாங்க, வரட்டும். ஹிட்ச்காக்கோட பழைய இங்கிலீஷ் 'சைக்கோ'வுல வெறும் தந்தி வாத்தியங்கள வச்சே மியூசிக் டைரக்டர் ஹெர்மன் பண்ணது, அந்த பாத்ரூம் கொலைக்கு இசையே வேணாம்னு ஹிட்ச்காக் சொல்லியும் எழுதி வாசிச்சு காட்டி சம்மதிக்க வச்ச மனுஷன்.

'பதேர் பாஞ்சாலி'ய மட்டும் இப்படி தாண்டிப்போக மனசு வரல. 1955 படம், ரவிசங்கர் ஒரே ராத்திரில உக்காந்து வாசிச்சு கொடுத்தது, நேரம் இல்ல அதான் சரியா வரலன்னு சொல்றவங்களுக்கு இத சொல்லணும். அப்பன் ரொம்ப நாள் கழிச்சு ஊருல இருந்து வர்றான், மக செத்துட்டது அவனுக்கு தெரியாது, வாங்கிட்டு வந்த சாமானெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்து காட்டுறான், மகளுக்கு வாங்குன பொடவைய எடுத்து பொண்டாட்டி கையில கொடுக்குறான். அதுவரைக்கும் கல்லு மாதிரி நின்னவ அத வாயில வச்சு ஒடஞ்சு போறா. சத்யஜித் ராய் அவ அழுற குரல எடுத்துட்டாரு. அந்த எடத்துல தார் ஷெனாய்னு ஒரு வாத்தியம், உச்சத்துல ஏறி கத்துது. நிஜ அழுகைய கேட்டிருந்தா நாம ஒரு நடிகைய பாத்திருப்போம். நம்ம தெருவுல ஒப்பாரி கேட்டு வளந்தவனுக்கு அந்த வாத்தியம் எங்க போயி குத்தும்னு நான் சொல்லணுமா.

இவ்வளவு பேசிட்டேன், என் கட்சிய ஒடைக்கிற ஒரு படத்தையும் நானே சொல்லிடுறேன், இல்லன்னா வேற யாராவது கமெண்ட்ல வந்து கேப்பாங்க. பாலு மகேந்திராவோட 'வீடு', 1988. அதுல வர்ற இசை அந்த படத்துக்குன்னு போட்டதே இல்ல, அதுக்கு முன்னாடியே வந்துட்ட இளையராஜாவோட 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்துல இருந்து எடுத்து வச்சது. கிட்டத்தட்ட டெம்ப் டிராக்தான். டைரக்டர் குப்ரிக்கும் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்துல இதத்தான் பண்ணாரு, அலெக்ஸ் நார்த் எழுதி கொடுத்த முழு இசையையும் தூக்கி போட்டுட்டு எடிட்டிங்ல ஒட்டி வச்ச பழைய கிளாசிக்கல் இசையவே வச்சுக்கிட்டாரு, பாவம் அந்த மனுஷனுக்கு படம் ரிலீஸ் ஆனப்பதான் விஷயமே தெரிஞ்சுது. நான் மேல சொன்னபடி பாத்தா ரெண்டுமே ஒட்டியிருக்க கூடாது. ஆனா வீடு படத்துல சொக்கலிங்க பாகவதர் தாத்தாவா கட்டி முடியாத செவுத்துக்கு பக்கத்துல நிக்கிறத நெனச்சா எனக்கு அந்த வயலினும் சேந்துதான் ஞாபகம் வருது. ஷிப்ட்ல நேரம் கெடச்சா பாத்துட்டு, இது எப்படி ஒட்டிக்கிச்சுன்னு நீங்க ஒரு காரணம் எழுதி அனுப்புங்க, உங்க பேரு போடாமயே இங்க போடுறேன்.