அட்மின் உரிமை: கேட்டார்கள், சொன்னேன்

பல்கலைக்கழகக் கணினிகளில் அட்மின் உரிமை, அதாவது மென்பொருள் நிறுவவும் கணினியின் அமைப்பையே மாற்றவும் முழு அதிகாரம், யாருக்கு, எப்போது, எவ்வளவு? ஊழியர்கள் கேட்டவற்றுக்கு, கணினிப் பிரிவில் இருப்பவன் என்ற முறையில் என் பதில்கள்.

கேள்வி (பேராசிரியர்): ஒரு மென்பொருள் நிறுவ உங்களிடம் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. என்மீது நம்பிக்கை இல்லையா?

பதில்: உங்கள்மீது இருக்கிறது ஐயா. நீங்கள் திறக்கும் கோப்பின்மீதுதான் இல்லை. 'மாற்றங்களை அனுமதிக்கிறீர்களா?' என்று விண்டோஸ் கேட்கும் பெட்டி 2007இல் விஸ்டாவோடு வீடுகளுக்கு வந்தது. இன்று அதைப் படித்துவிட்டு 'ஆம்' அழுத்துபவர் யார்? நானே படிப்பதில்லை. சாதாரணக் கணக்கில் புகுந்த நச்சு நிரல் உங்கள் கோப்புகளைக் கெடுக்கும். அட்மின் கணக்கில் புகுந்தாலோ, வைரஸ் தடுப்பை நிறுத்திவிட்டு, அதே கணினியில் நுழைந்திருக்கும் மற்றவர்களின் கடவுச்சொற்களையும் நினைவகத்திலிருந்து உருவப் பார்க்கும். 2017 ஜூனில் 'நாட்பெட்யா' என்ற நச்சு நிரல் கணினி விட்டுக் கணினி தாவிய வழிகளில் இதுவும் ஒன்று.

கேள்வி (ஆய்வக உதவியாளர்): எங்கள் நிறமாலைமானியின் (ஸ்பெக்ட்ரோமீட்டர்) மென்பொருள் அட்மினாக இயக்கினால்தான் திறக்கிறது. என்ன செய்வது?

பதில்: இது நியாயமான கோரிக்கை. ஆனால் மருந்து வேறு. இதேபோல ஒரு கருவிக் கணினியில், மென்பொருள் எந்தெந்தக் கோப்பைத் தொடுகிறது என்று காட்டும் 'பிராசஸ் மானிட்டர்' ஓட்டிப் பார்த்தேன். ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே 'ஆக்சஸ் டினைடு' (அனுமதி மறுப்பு) என்று ஒரே கோப்பின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. கடைசியாக அளந்த மாதிரியின் பெயரைக் குறித்துவைக்கும் நாலு வரிக் கோப்பு! அதை 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறைக்குள் வைத்திருந்தார்கள். அங்கே சாதாரணக் கணக்கால் எழுத முடியாது. அந்த ஒரு கோப்புக்கு மட்டும் எழுதும் அனுமதி கொடுத்தேன், மென்பொருள் திறந்துகொண்டது. கோப்புறை முழுவதையும் திறந்துவிடாதீர்கள், நிரலையே எவரும் மாற்றி வைத்துவிடலாம். 'அட்மினாக இயக்கவும்' என்று கையேட்டில் எழுதுவது பெரும்பாலும் தயாரித்தவர்களின் சோம்பல்.

கேள்வி (ஆய்வு மாணவர்): பைத்தான், ஆர் நிரல்மொழிகளின் தொகுப்புகளை நிறுவ அட்மின் உரிமை வேண்டுமா?

பதில்: தேவையே இல்லை. உங்கள் பயனர் கோப்புறையிலேயே நிறுவிக்கொள்ளலாம்.

கேள்வி (அலுவலக ஊழியர்): முன்பெல்லாம் வீட்டுப் பிரிண்டரை நானே இணைத்துக்கொள்வேன். இப்போது அலுவலக லேப்டாப் அட்மின் கடவுச்சொல் கேட்கிறதே?

பதில்: 2021இல் விண்டோஸில் 'பிரிண்ட்நைட்மேர்' என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. பிரிண்டர் டிரைவர் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) என்ற பெயரில் எதை வேண்டுமானாலும் முழு அதிகாரத்தோடு ஓட்டிவிட முடிந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் வந்த திருத்தத்துக்குப் பின் டிரைவர் நிறுவ அட்மின் வேண்டும். பிரிண்டரின் மாடல் எண்ணை அனுப்புங்கள், டிரைவரைப் போட்டுத் தருகிறோம்.

கேள்வி (துறைக் கணினிப் பொறுப்பாளர்): கொடுத்தே தீர வேண்டியவர்களுக்கு எப்படிக் கொடுப்பது?

பதில்: தனியாக இரண்டாவது கணக்காகக் கொடுங்கள். மின்னஞ்சலும் உலாவலும் பழைய கணக்கில்தான். முடிவுத் தேதி போடுங்கள். தேதியில்லாமல் கொடுத்த உரிமை, ஆள் வேறு துறைக்குப் போன பிறகும் கூடவே போகும். ஒவ்வொரு கணினிக்குள்ளும் இருக்கும் அட்மின் கணக்கின் கடவுச்சொல் கணினிக்குக் கணினி வேறாக இருக்கட்டும். அதைத் தானாக மாற்றும் 'லாப்ஸ்' என்ற வசதி 2023 ஏப்ரல் முதல் விண்டோஸிலேயே இருக்கிறது.

கேள்வி (துறைத் தலைவர்): என் அட்மின் கடவுச்சொல்லை உதவியாளரிடம் கொடுக்கலாமா?

பதில்: கூடாது அம்மா. அவருக்குத் தேவையென்றால் அவர் பெயரிலேயே விண்ணப்பியுங்கள். இன்றே கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் கொடுத்த பிறகுதான் கேட்கிறார்கள்.