மே மாசம் செயின்ட் ஹெலன்ஸ்ல ஸ்கீ டூரிங்: பகல விடுங்க, ராத்திரியப் பாருங்க

பெல்வியூல இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார். சில சீசனா ரிசார்ட்ல ஸ்கீ பண்றவர், லிஃப்ட் இல்லாம ஸ்கீலயே மலை ஏறி எறங்கற டூரிங்குக்கான பைண்டிங், ஏறும்போது வழுக்காம இருக்க ஸ்கீக்கு அடியில ஒட்டற ஸ்கின் எல்லாம் வாங்கியாச்சு, முதல் லெவல் அவலாஞ்ச் (பனிச்சரிவு) கோர்ஸும் முடிச்சாச்சு, மே மூணாவது வாரம் சனிக்கிழமைக்கு வாஷிங்டன் மாநிலத்துல இருக்கற எரிமலை மவுண்ட் செயின்ட் ஹெலன்ஸ் ஏற பெர்மிட் கையில இருக்கு. "ஃபோர்காஸ்ட்ல நல்ல வெயில் போட்டிருக்கு, ஸ்னோ இருக்குமா, எத்தன மணிக்கு கெளம்பணும், அவலாஞ்ச் ஃபோர்காஸ்ட்ட சீசனுக்கு நிறுத்திட்டாங்களே, அப்ப ரிஸ்க் முடிஞ்சதுன்னு எடுத்துக்கலாமா, இது நல்லபடியா போனா ஜூன்ல மவுண்ட் ஆடம்ஸ் போகலாமா?" இதான் கேள்வி.

ஸ்னோ இருக்குமாங்கறதுக்கு முதல்ல சொல்லிடறேன், அது சின்ன விஷயம். இருக்கும். தெக்குப் பக்கம் மரம் முடியற இடத்துக்கு மேல மே கடைசி வரைக்கும் பொதுவா ஸ்கீ பண்ற அளவுக்கு ஸ்னோ நிக்கும், பிரச்சன கீழதான். வர்ம் ஃப்ளோஸ் ரூட் ஆரம்பிக்கற மார்பிள் மவுண்டன் பார்க்கிங் வெறும் 2,700 அடி, அங்கருந்து காட்டுக்குள்ள போற முதல் ரெண்டு மைல் மண்ணும் சேறுமா இருக்கலாம், ஸ்கீய பேக்ல கட்டிட்டு சாதாரண ஷூல நடக்க வேண்டியிருக்கும். இதுக்கு யாரையும் கேட்டுட்டு இருக்க வேண்டாம், ஜூன் லேக், ஸ்விஃப்ட் க்ரீக்னு மலையோட தெக்கு சரிவுலயே ரெண்டு ஸ்னோடெல் ஸ்டேஷன் (ஸ்னோவத் தானா அளக்கற கருவி நிலையம்) இருக்கு, ஸ்னோ எவ்வளவு ஆழம், வெப்பம் என்னன்னு ஆன்லைன்லயே பாத்துக்கலாம். ஜூன் லேக்ல சைபர்னு காட்டுச்சுன்னா சுமக்கத் தயாரா போங்க, அவ்வளவுதான்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வருவோம். வெயில் போட்டிருக்குன்னு எழுதியிருக்கீங்க. எல்லாரும் அதத்தான் பாக்கறாங்க, சனிக்கிழமை பகல் எப்படி இருக்கும்னு. நான் பாக்கறது வெள்ளிக்கிழமை ராத்திரி. அந்த ராத்திரி ஸ்னோ உறைஞ்சுதா இல்லையாங்கறது தெரிஞ்சா, எத்தன மணிக்கு கெளம்பறது, எப்பத் திரும்பறது, போகலாமா வேண்டாமா எல்லாமே அதுலேருந்து தானா வந்துரும்.

ஏன்னா மே மாச ஸ்னோ வேற, ஜனவரி ஸ்னோ வேற. பகல்ல உருகி ராத்திரி உறைஞ்சு, மறுபடி உருகி மறுபடி உறைஞ்சு, பழைய நட்சத்திர வடிவமெல்லாம் போயி உருண்டை உருண்டையா மணி மணியா ஆயிடும், கையில அள்ளிப் பாத்தீங்கன்னா ஊற வெச்ச ஜவ்வரிசி மாதிரி உதிரும். கார்ன் ஸ்னோன்னு சொல்றது இதத்தான். ராத்திரி அந்த மணிகளுக்கு நடுவுல இருக்கற தண்ணி உறைஞ்சா மொத்தமும் ஒரே கட்டியா இறுகிடும், விடியக்காலைல க்ராம்பான் (அடியில மாட்டற இரும்பு முள்) இல்லாம நிக்கக்கூட முடியாது. வெயில் ஏற ஏற மேல ஒரு இஞ்ச், ஒன்றரை இஞ்ச் மட்டும் இளகி அடியில கெட்டியாவே இருக்கும், அந்த ஒரு மணி ரெண்டு மணி நேரத்துக்காகத்தான் இத்தன பேர் நடுராத்திரி எந்திரிச்சு ஸ்கின் போடறாங்க. அதத் தாண்டினா தண்ணி உள்ள எறங்க ஆரம்பிச்சு மணிகளுக்கு நடுவுல இருந்த பிடிப்பு விட்டுப் போயி, கால் வெச்சா முழங்கால் வரைக்கும் எறங்கும், சரிவும் தன் பலத்த இழந்துரும்.

உறையறதுக்கு காத்து சைபர் டிகிரிக்குக் கீழ போகணும்னு அவசியமே இல்ல, இது நிறைய பேருக்குத் தெரியாது. ஸ்னோ ராத்திரி முழுக்க தன்னோட வெப்பத்த கதிரா வானத்துக்கு விட்டுட்டே இருக்கும். மேகம் இல்லாம காத்து வறண்டு இருந்தா, தெர்மாமீட்டர் 3 டிகிரி செல்சியஸ் காட்டினாக்கூட மேல்பரப்பு உறைஞ்சுரும். அதே மேகம் மூடியிருந்தா போன வெப்பம் திரும்பி வந்துரும், 1 டிகிரின்னாலும் காலைல சொதசொதன்னுதான் கெடக்கும். வெதுவெதுன்னு பலமா காத்தடிச்சாலும் இதே கதைதான். அதனால ஃப்ரீசிங் லெவல், அதாவது காத்து சைபர் டிகிரிக்கு வர்ற உயரம், எத்தன அடின்னு ஒரு நம்பர மட்டும் பாத்துட்டு முடிவு எடுக்காதீங்க. ஃப்ரீசிங் லெவல் 10,000 அடி, ஆனா வானம் சுத்தமா தெளிவுன்னா, தாராளமா போகலாம், மேல் ஓடு மெல்லிசா இருக்கும், சீக்கிரம் போயி சீக்கிரம் வந்துரணும். 8,000 அடிதான், ஆனா ராத்திரி பூரா மேகம்னா, நம்பர் நல்லா இருந்தாலும் கீழ் பாதி உறைஞ்சிருக்காது. 12,000 அடிக்கு மேல போயி ரெண்டு மூணு ராத்திரி தொடர்ந்து அப்படியே நின்னுச்சுன்னா, பெர்மிட் காசு போனா போகட்டும், வீட்ல இருங்க.

இத எங்க பாக்கறதுன்னா, நேஷனல் வெதர் சர்வீஸ் சைட்ல மேப்ல மலை மேலயே க்ளிக் பண்ணி மணிவாரி க்ராஃப எடுங்க, அதுல மேக மூட்டம் எத்தன சதவீதம், காத்துல ஈரம் எவ்வளவுன்னு காட்டற ட்யூ பாயிண்ட் எவ்வளவுன்னு ரெண்டு கோடு இருக்கும், ட்யூ பாயிண்ட் எவ்வளவு கீழ இருக்கோ அவ்வளவு நல்லது. ஃபோர்காஸ்ட் ஒரு பக்கம், நெஜமா என்ன நடக்குதுன்னு தெரியணும்னா பக்கத்து மலை ரெய்னியர்ல கேம்ப் முயர்ல 10,000 அடில ஒரு வெதர் ஸ்டேஷன், பாரடைஸ்ல 5,400 அடில ஒண்ணு இருக்கு. புதன், வியாழன், வெள்ளி மூணு ராத்திரியும் ரெண்டுலயும் வெப்பம் எப்படி எறங்குதுன்னு பாத்துட்டே வாங்க, சனிக்கிழமை காலைல ஸ்னோ எப்படி இருக்கும்னு ஒரு பிடி கெடச்சிரும்.

நேரத்துக்கு வருவோம். எப்பவும் பின்னாலேருந்து கணக்கு போடணும். நீங்க எறங்கப் போற சரிவு தெக்கு, தென்கிழக்கு பாத்தது, மே மூணாவது வாரம் அங்க 5.30 வாக்குல விடிஞ்சுரும், தெளிவான நாள்ல 10.30லேருந்து 12 மணிக்குள்ள பதம் வரும். ஏற்றம் 5,700 அடி, போயிட்டு வர 12 மைல். மணிக்கு 1,000 அடி ஏறறவங்க நல்ல தெம்பு உள்ளவங்க, முதல் தடவைன்னா நிக்கறது சாப்பிடறது எல்லாம் சேத்து ஏழு மணி நேரம் வெச்சுக்கங்க. அப்ப 11 மணிக்கு உச்சில இருக்கணும்னா 4 மணிக்கு பார்க்கிங்ல ஹெட்லேம்ப் போட்டு நடக்க ஆரம்பிச்சிருக்கணும். பெல்வியூலேருந்து அன்னிக்கு ராத்திரியே ஓட்டிட்டு வந்து அப்படியே ஏறறதெல்லாம் வேண்டாம், வெள்ளிக்கிழமை சாயங்காலமே போயி பக்கத்துல எங்கயாவது தூங்குங்க. ராத்திரி சரியா உறையாதுன்னு தெரிஞ்சா இன்னும் ஒன்றரை மணி நேரம் முன்னாடி.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. உச்சிலயும் அடிவாரத்துலயும் ஒரே நேரத்துல பதம் வராது. 8,000 அடில இன்னும் கடகடன்னு இருக்கும்போதே 4,500 அடில கஞ்சியா போயிருக்கும், மேல பதம் வரட்டும்னு ஒரு மணி நேரம் உக்காந்தீங்கன்னா கீழ அனுபவிப்பீங்க. என்னோட கட்சி, மேல கொஞ்சம் கெட்டியா இருந்தாலும் பரவால்ல, ஸ்கீயோட எட்ஜ் நல்லா கூரா வெச்சுட்டு எறங்கிருங்க. ஒரே விதிவிலக்கு, மேல குளிர்ந்த காத்து அடிக்கற நாள்: அன்னிக்கு வெயில் எவ்வளவு அடிச்சாலும் உச்சி இளகவே இளகாது, எதுக்குக் காத்திருக்கோம்னு தெரியாம காத்திருப்பீங்க. மதியம் 12 தாண்டிருச்சுன்னா எந்த இடத்துல இருந்தாலும் திரும்பிருங்க.

ஏறும்போதே சோதிச்சுட்டே போகணும். ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் கையில வெச்சிருக்கற ஸ்கீ கம்ப தலைகீழா பிடிச்சு கைப்பிடிப் பக்கத்தால ஸ்னோவக் குத்துங்க, டொக்குன்னு நின்னா நல்லா உறைஞ்சிருக்கு, ரெண்டு மூணு இஞ்ச் ஓட்ட உடைச்சிட்டு அதுக்கு அடியில பொசுக்குன்னு உள்ள போச்சுன்னா உறைஞ்சது மேல் தோல் மட்டும்தான், உங்க நேரம் நீங்க நெனச்சதவிட கம்மி. ஸ்கீயக் கழட்டிட்டு வெறும் பூட்ல நின்னு பாருங்க. கணுக்கால் வரைக்கும் எறங்குச்சுன்னா அந்தச் சரிவுல உங்களுக்கு வேலை முடிஞ்சது. பாறைப் பக்கத்துலேருந்து சின்னச் சின்ன உருண்டையா ஸ்னோ தானா உருண்டு வர ஆரம்பிச்சாலும் அதே அர்த்தம்தான்.

அவலாஞ்ச் கேள்விக்கு நேரா பதில்: இல்ல, ரிஸ்க் முடியல. நார்த்வெஸ்ட் அவலாஞ்ச் சென்டர் வசந்த காலத்துல தினசரி ஃபோர்காஸ்ட்ட நிறுத்தறது அவங்க சீசன் முடியறதால, மலைக்கு அது தெரியாது. மே மாசத்துல ஆள ஏமாத்தறது புது ஸ்னோ. இந்த மலையெல்லாம் இருக்கற கேஸ்கேட்ஸ் மலைத்தொடர்ல மே நடுவுலயும் ஒரு புயல் வந்து அரை அடி, ஒரு அடி போட்டுட்டுப் போறது சகஜம், மறுநாளே பளிச்சுனு வெயில் வரும், எல்லாரும் பவுடர்னு ஓடுவாங்க. அந்தப் புது ஸ்னோவுக்கு முதல் வெயில் படற அன்னிக்குத்தான் ஆபத்து, பழைய வழவழப்பான ஓட்டு மேல பிடிப்பே இல்லாம உக்காந்திருக்கும், பத்து மணிக்கு ஒரு புள்ளில ஆரம்பிச்சு விசிறியா விரிஞ்சு சரசரன்னு வரும். ஆள மூடற அளவு இல்லேன்னாலும் கால வாரி பள்ளத்துல கொண்டு போயி போடறதுக்கு அது போதும். அதனால கடைசிப் புயலுக்கு அப்புறம் குறைஞ்சது ரெண்டு மூணு தடவையாவது உருகி உறைஞ்சிருக்கான்னு எண்ணிப் பாருங்க. பீக்கன் (புதைஞ்சவங்களத் தேடற சிக்னல் கருவி), ஷவல், ப்ரோப் (ஸ்னோல குத்தித் தேடற நீளக் கம்பி) மூணும் எடுத்துட்டுப் போங்க, வெயில் காலம்தானேன்னு கார்ல விட்டுட்டுப் போகாதீங்க.

சாமான்ல ஸ்கீ க்ராம்பான் கட்டாயம், அது இல்லாம காலை 6 மணி சரிவுல ஸ்கின் வழுக்கிட்டே இருக்கும், தெம்பெல்லாம் அதுலயே போயிடும். பூட் க்ராம்பான், ஐஸ் ஆக்ஸ், ஹெல்மெட்டும் வேணும். ஸ்கின்னுக்கு வேக்ஸ் ஒரு கட்டி பாக்கெட்ல போட்டுக்கங்க, ஈரமான ஸ்னோ அடியில அப்பிக்கிட்டா ஒவ்வொரு காலும் அஞ்சு கிலோ கனக்கும். சன்ஸ்க்ரீன் மூக்குக்கு அடியிலயும் காதுக்குப் பின்னாடியும் போடணும், வெயில் கீழேருந்தும் வரும்.

க்ரேட்டர் விளிம்பப் பத்தி நீங்க கேக்கல, ஆனா சொல்லாம விட முடியாது. 1980 மே 18ல வெடிச்சப்ப 9,677 அடி மலை 8,363 அடியா ஆச்சு, நீங்க ஏறி நிக்கற இடத்துக்கு அந்தப் பக்கம் நேரா குழி. குளிர்காலம் பூரா காத்து தள்ளிட்டு வந்த ஸ்னோ அந்த விளிம்பத் தாண்டி உள்பக்கமா கார்னிஸா, அடியில எதுவும் இல்லாத கூரை விளிம்பு மாதிரி, தொங்கிட்டு இருக்கும், மேல நிக்கறவங்களுக்கு பாறை எங்க முடியுது, வெறும் ஸ்னோ எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியவே தெரியாது. 2010 பிப்ரவரில அப்படி உடைஞ்ச கார்னிஸோட ஒருத்தர் உள்ள விழுந்து இறந்துட்டார். உங்களுக்கு ஒரு வாரம் முன்னாடி அன்னையர் தினத்துக்கு ஆம்பளைங்க பொம்பளைங்க எல்லாம் கவுன் மாட்டிட்டு ஏறற வழக்கம் ஒண்ணு அங்க இருக்கு, பாக்க ஜாலியா இருக்கும், ஆனா அவங்க விட்டுட்டுப் போன கால்தடம் விளிம்பு வரைக்கும் போகும். அந்தத் தடத்த நம்பாதீங்க. நல்லா பின்னாடி தள்ளி நின்னு பாருங்க, குழிக்குள்ள எட்டிப் பாக்கற அந்த ஒரு போட்டோ வேண்டாம். எறங்கி வரும்போது சாக்லேட் ஃபால்ஸ் பக்கம் ஓடை மேல இருக்கற ஸ்னோ பாலமும் காலைல தாங்கின அளவு மதியம் தாங்காது, வேகமா தாண்டாம நின்னு பாத்துத் தாண்டுங்க.

ஆடம்ஸ்? ஜூன்ல போகலாம், செயின்ட் ஹெலன்ஸ்ல உறைஞ்ச சரிவுல க்ராம்பான் போட்டு நடந்து பழகியிருந்தா. 12,276 அடி, தெக்கு ரூட்ல க்ளேசியர்ல (பனியாறு) இருக்கற ஆழமான பிளவு தொந்தரவு இல்ல, ஆனா 9,000 அடிக்கு மேல லஞ்ச் கவுண்டர்லேருந்து பைக்கர்ஸ் பீக் வரைக்கும் ஒரே மூச்சா 2,000 அடிக்கு மேல செங்குத்தா போகும், காலைல அது உறைஞ்சிருக்கும்போது வழுக்கினா கீழ பாறைதான் பிடிக்கும். பைக்கர்ஸ் பீக்க உச்சின்னு நெனச்சு ஏமாறாதவங்க கெடையாது, அங்கருந்து நெஜ உச்சிக்கு இன்னும் 600 அடி. எல்லாரும் பேசற சவுத்வெஸ்ட் சூட்ஸ்ங்கற எறக்கச் சரிவு தென்மேற்கு பாத்தது, அதனால அங்க பதம் வர மதியம் ஆகும், செயின்ட் ஹெலன்ஸ் டைம்டேபிள அப்படியே கொண்டு போனீங்கன்னா ஐஸ்லதான் எறங்குவீங்க. முதல் தடவை தெக்கு ரூட்லயே ஏறி அதுலயே எறங்குங்க. மேகத்துக்குள்ள மாட்டிட்டா இறங்கும்போது இடது பக்கம் ஒதுங்கிராதீங்க, அந்தப் பக்கம் மசாமா க்ளேசியர், அங்க பிளவு உண்டு, ஏறும்போதே ஜிபிஎஸ்ல ட்ராக் போட்டு வெச்சுக்கங்க. பெர்மிட் மே 1லேருந்து செப்டம்பர் 30 வரைக்கும் வேணும். கோல்ட் ஸ்ப்ரிங்ஸ் வரைக்கும் போற ரோட்ல ஜூன் கடைசி வரைக்கும்கூட ஸ்னோ கெடக்கும், கார் எதுவரைக்கும் போகுதுன்னு ட்ரவுட் லேக்ல இருக்கற ரேஞ்சர் ஆபீஸுக்கு கெளம்பற வாரம் ஒரு போன் போட்டுருங்க, அதப் பொறுத்து உங்க நடை ரெண்டு மூணு மைல் கூடலாம்.