பழைய டிராக்டரில் பி.டி.ஓ. (பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் ஷாஃப்ட்) லீவர் சரியாக உட்காரவில்லை. கியர்பாக்ஸைத் திறக்கத்தான் வேண்டுமா?

அவசரப்பட்டுத் திறக்காதீர்கள். லீவர் போட்டால் கரகரவென்று சத்தம், ரோட்டவேட்டர் மண்ணில் இறங்கியதும் நழுவிவிடுகிறது என்கிறீர்கள். "இறக்கிப் பார்த்தாத்தான் தெரியும்" என்று மெக்கானிக் சொல்லியிருப்பார். என்னிடமும் அதைத்தான் சொன்னார்கள்.

எங்களுக்குக் கொடைக்கானல் மலையில் மன்னவனூர். கேரட், உருளை, பூண்டு போடுகிறோம். அப்பா வைத்திருந்த மாசி பெர்குசன் 35-ஐத்தான் இன்றும் ஓட்டுகிறேன். அதில் லீவருக்கு நடுவில் நியூட்ரல், ஒரு பக்கம் தள்ளினால் ஷாஃப்ட் இன்ஜின் வேகத்தோடு சுற்றும், மறுபக்கம் தள்ளினால் சக்கர வேகத்தோடு சுற்றும். லீவர் இடம் மாறியிருந்தால் பார்வைக்கு நியூட்ரலில் நிற்கும், உள்ளே பல் பாதி கடித்திருக்கும். எனக்குப் பயமே அதுதான். ஷாஃப்ட் சுற்றும் 540 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 540 சுற்று) என்றால் வினாடிக்கு 9 சுற்று. தோள் துண்டின் நுனி சிக்கினால் ஆளையும் சேர்த்து இழுத்துவிடும்.

இன்ஜினை அணைத்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தேன். லீவரை இன்ஜின் பக்கம் கடைசி வரை தள்ளிவிட்டு, பின்னால் பி.டி.ஓ. ஷாஃப்டைக் கையால் திருப்பினேன். அசையக் கூடாது, ஆனால் சுற்றியது. அடுத்து லீவரை விட்டுவிட்டு, அது மாட்டியிருக்கும் தண்டையே ரெஞ்சில் பிடித்து மெல்லத் திருப்பினேன். 'டக்'கென்று விழுந்தது. ஷாஃப்ட் இறுகிவிட்டது. ஆக, உள்ளே பழுதில்லை. லீவரைத் தண்டோடு பூட்டும் பின்னைச் சுற்றி எண்ணெயில் குழைந்த துருப்பொடி. துடைத்துப் பார்த்தால் ஓட்டை முட்டை வடிவத்தில் தேய்ந்து பளபளத்தது.

வத்தலக்குண்டு லேத்தில் ஓட்டையை வட்டமாக்கி, ஒரு சைஸ் பெரிய பின் அடித்தோம். "ஒரு பொட்டு வெல்டு வெச்சா போதும்ணே" என்றார் ஒருவர். நான் சம்மதிக்கவில்லை. சூட்டில் தண்டின் ரப்பர் வளையம் போய்விடும், ஆயில் கசியும். இந்த வண்டியில் கியருக்கும் கருவியைத் தூக்கும் லிஃப்டுக்கும் ஒரே ஆயில். வெல்டிங்கில் பல வண்டிகள் ஓடுகின்றன என்று சண்டைக்கு வருபவர்கள் வரட்டும், என் வண்டிக்கு நான் வைக்க மாட்டேன்.

வேலை சின்னதுதான். பஸ்ஸில் அந்தப் பெரிய பின் வந்து சேருவதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது. சனி, ஞாயிறு என்றால் பெருமாள்மலையிலிருந்தே வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. 2024 மே மாதம் கொடைக்கானலுக்கு வரும் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. எங்கள் கேரட் லாரி இன்னும் அந்த வரிசையில்தான் நிற்கிறது. அறுத்த காய் காத்திருக்குமா? இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது!

உங்கள் மாடலை நீங்கள் எழுதவில்லை. டபுள் கிளட்ச் என்றால் பெடலை அடிவரை மிதித்து லீவர் போட்டுப் பாருங்கள். பாதி மிதித்தால் சக்கரம் மட்டும்தான் நிற்கும், பி.டி.ஓ. நிற்காது. தண்டை நேராகத் திருப்பியும் பல் விழவில்லை என்றால் உள்ளே பல்லை நகர்த்திச் சேர்க்கும் ஃபோர்க்கோ காலரோ தேய்ந்திருக்கும். அப்போது ஆயிலை வடித்துவிட்டுத் திறக்கச் சொல்லுங்கள், நீங்களும் பக்கத்திலேயே நில்லுங்கள்.