வாசகர் கேட்டவை: தோட்டத்துக் காற்பந்து

கேள்வி: அந்தக் காலத்தில் ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள் மாலைதோறும் காற்பந்து ஆடினார்கள் என்கிறார் என் தாத்தா. அத்தனை உழைப்புக்குப் பிறகு நேரம் எப்படிக் கிடைத்தது? நிர்வாகம் ஏன் திடல் கொடுத்தது? அந்த அணிகள் எங்கே போயின?
(வாசகர், செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: நேரத்தைக் கொடுத்தது ரப்பர் மரம்தான். வெயில் ஏறுவதற்கு முன் மரப்பட்டையின் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருப்பதால், அதிகாலையில் மரம் வெட்டினால்தான், அதாவது பட்டையைக் கீறினால்தான், பால் நன்றாக வடியும். ஆகவே இருட்டோடு பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) நின்று, மரம் வெட்டி, பாலெடுத்து, நிறுவையும் முடித்துவிட்ட தொழிலாளிக்குப் பிற்பகலின் பெரும்பகுதி மிஞ்சியது. ஆண் தொழிலாளிக்கு என்று திருத்திக்கொள்வதே நியாயம். அதே நிரையில் மரம் வெட்டிய பெண்ணுக்கு லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) அடுப்பு வேலை காத்திருந்தது. இங்கிலாந்திலோ இந்த ஓய்வு சட்டத்தின் வழியே வந்தது. நெசவாலைப் பெண்களையும் இளையோரையும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குமேல் வேலை வாங்கக் கூடாது என 1850ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தபின், ஆண்களுக்கும் அந்த அரைநாள் படிப்படியாகக் கிடைத்து, அதுவே காற்பந்தாட்ட நேரமாயிற்று.

திடல் கொடுத்ததில் துரைமாரின் கருணையைவிடக் கணக்கே அதிகம் என்பது என் கருத்து. கள்ளுக்கடையையும் தோட்டத்துக்குள்ளேயே வைத்திருந்தவர்கள், தொழிலாளியின் ஓய்வு நேரமும் வேலிக்குள்ளேயே கழிவதை விரும்பினார்கள். ஆனால் இளைஞர்கள் ஒன்றுகூடினால் எல்லாம் நிர்வாகம் நினைத்தபடி நடக்குமா? இரண்டாம் உலகப் போருக்குப் பின் கெடா மாநிலத்தில் ‘தொண்டர் படை’ என்ற தோட்டத் தொழிலாளர் இயக்கத்தினர் உடற்பயிற்சியும் அணிவகுப்புமாகத் திரண்டு கள்ளுக்கடைகளையே எதிர்த்தார்கள். 1947இல் அந்த இயக்கத்தை அரசு ஒடுக்கியது.

நாட்டுக்காக ஆடியவர்களும் நெடுங்காலம் ஆட்டத்தை மட்டும் நம்பி வாழவில்லை. 1980இல் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2–1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற மலேசிய அணியில் ‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகம் கோல்காவலராக நின்றார். அந்த ஒலிம்பிக்கை மலேசியா புறக்கணித்தது வேறு கதை. அரைத் தொழில்முறை லீக் 1989இல்தான் வந்தது.

அணிகள் மறைந்ததற்கு ஆர்வக்குறைவைக் காரணம் காட்டுவது எளிது. நான் அதை ஏற்கவில்லை. வீடும் திடலும் கம்பெனி நிலத்தில் இருந்தன. வீடமைப்புக்காகத் தோட்டங்கள் விற்கப்பட்டபோது திடலும் சேர்ந்தே விலைபோனது. ஒரே லயத்திலிருந்து திரண்ட பதினொரு பேரும் வெவ்வேறு அடுக்குமாடிகளுக்கும் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும் சிதறினார்கள்.